அவுட்போர்டு எஞ்சினில் பிளக் அடிக்கடி கறுப்பது ஏன், எப்போது மாற்றுவது

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். படகின் பின்புறம் மாட்டும் 15 குதிரைத்திறன் கொண்ட இரட்டைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினுக்கு, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கறுத்த பிளக்கை எமரித் தாளால் தேய்த்துத் திரும்பப் போடலாமா, உங்கள் மெக்கானிக் சொல்வதுபோல் "சூடான" பிளக்கோ விலை கூடிய இரிடியம் பிளக்கோ போட்டால் தொல்லை தீருமா என்பன அவை. ஆனால் அவற்றுக்கு நடுவே போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு செய்திகள்தாம் என் கண்ணில் முதலில் பட்டன. ஞாயிறுதோறும் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே மூன்று மணி நேரம் தூண்டிலை இழுத்தபடி மெதுவாகவே ஓட்டுகிறீர்கள். 10 லிட்டர் பெட்ரோலுக்கு இரண்டு டம்ளர் ஆயில் ஊற்றுகிறீர்கள். ஆறு மாதத்தில் மூன்று ஜோடி பிளக் கறுத்துப்போய், திரும்பி வரும்போது எஞ்சின் இருமி நிற்கிறது என்றால், நீங்கள் உண்மையில் கேட்க வேண்டியது பிளக்கின் ஆயுளைப் பற்றியன்று, அதைக் கறுக்கச் செய்வது எது என்பதைப் பற்றியே.

காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் 22 ஆண்டுகளாக இந்த எஞ்சின்களைப் பழுது பார்த்து வருகிறேன். என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை மீன்பிடி ஃபைபர் படகுகளின் ஓ.பி.எம்.கள் (அவுட்போர்டு மோட்டார்கள்), உங்களைப் போல் பொழுதுபோக்குக்காகப் படகு வைத்திருப்பவர்கள் சிலரே. இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றுதான் என்றாலும் ஓட்டும் முறை வேறு. மீனவர் கரையை விட்டால் வலை போடும் இடம்வரை முழு வேகத்தில் போவார். நீங்கள் கரையை விட்டதிலிருந்தே உலாத்துகிறீர்கள். எஞ்சினை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால், எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகமாகச் சொல்கிறேன் என்பதை ஆங்காங்கே பிரித்தே சொல்லிவிடுகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குவோம். பிளக்கின் முனை தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ள வேண்டுமானால் அது சுமார் 500 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் கரியும் ஆயிலும் பீங்கான் மூக்கின்மேல் படலமாகப் படிந்து, மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் அந்தப் படலத்தின் வழியாகவே பிளக்கின் இரும்பு உடலுக்கு ஓடிவிடும், பொறி வராது. சூடு 800 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனாலோ, பொறி வருவதற்கு முன்பே கனன்ற முனை எரிபொருளைப் பற்றவைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழுவது அப்படித்தான். பிளக்கில் "சூடு", "குளிர்" என்று சொல்வது பொறியின் வலிமையை அன்று. முனையில் ஏறும் சூட்டை அந்தப் பிளக் எவ்வளவு விரைவாகச் சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதையே. மெதுவாகக் கடத்துவது சூடான பிளக், விரைவாகக் கடத்துவது குளிர்ந்த பிளக். மூன்று மணி நேரம் மெதுவோட்டத்திலேயே இருக்கும் எஞ்சினில் முனை அந்த 500 டிகிரியை எட்டுவது அரிது. அதோடு டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் பெட்ரோலோடு ஆயிலும் எரிகிறது. ஆகவே உங்கள் பிளக் கறுப்பதில் வியப்பில்லை. அது நல்ல பிளக்காக இருந்தாலும் கறுக்கும்.

இனி ஆயிலுக்கு வருகிறேன். நம் வீட்டு டம்ளர் ஏறக்குறைய 200 மில்லி பிடிக்கும். இரண்டு டம்ளர் என்றால் 400 மில்லி, அதாவது 25-க்கு 1. புது எஞ்சினைப் பழக்கும் முதல் சில மணி நேரங்களுக்கு இந்த அளவைச் சொல்லும் கையேடுகள் உண்டு. பழக்கம் முடிந்த பின் 50-க்கு 1, அதாவது 10 லிட்டருக்கு 200 மில்லி என்பதே பெட்ரோலில் ஓடும் இக்கால அவுட்போர்டுகள் பலவற்றுக்குச் சொல்லப்படும் அளவு. பழைய மாடல்களுக்கும் மண்ணெண்ணெயில் ஓடும் மாடல்களுக்கும் அளவு மாறும். எனவே உங்கள் எஞ்சினின் கையேட்டிலோ மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் சீட்டிலோ பார்த்து உறுதி செய்துகொள்ளாமல், நான் எழுதினேன் என்பதற்காக ஆயிலைப் பாதியாகக் குறைத்துவிடாதீர்கள். ஆயில் கூடினால் போவது பிளக். குறைந்தால் போவது பிஸ்டனும் பேரிங்கும். டம்ளரை விட்டுவிட்டு மில்லி கோடு போட்ட அளவுக் குவளை ஒன்று வாங்குங்கள். ஆயிலின் வகையும் முக்கியம். ஸ்கூட்டர், ஆட்டோ ஆகியவற்றுக்கென விற்கும் 2டி ஆயில், காற்றால் குளிரும் சூடான எஞ்சினை மனத்தில் வைத்துச் செய்தது. அதில் எரிந்தபின் சாம்பல் விடும் சேர்மங்கள் இருக்கலாம். கடல்நீரால் குளிரும் அவுட்போர்டுக்கு டி.சி.-டபிள்யூ3 என்ற தரக்குறி உள்ள சாம்பலற்ற ஆயிலே உரியது. சில்லறையாக அளந்து விற்கும் ஆயிலில் எந்தக் குறியும் இருக்காது. அதை இந்த எஞ்சினில் ஊற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

மூன்றாவதாக ஒரு காரணத்தை ஊகமாகவே சொல்கிறேன்: தெர்மோஸ்டாட். இந்த எஞ்சின்கள் பலவற்றில் ஹெட்டுக்கு அருகில் சிறிய தெர்மோஸ்டாட் ஒன்று உண்டு. எஞ்சின் சூடாகும்வரை நீரோட்டத்தை அடக்கி வைப்பது அதன் வேலை. முகத்துவார மணலும் உப்பும் அதில் சிக்கித் திறந்த நிலையிலேயே நின்றுவிட்டால், எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். பிளக் கறுத்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுவதால் மூடிய நிலையில் சிக்கிய தெர்மோஸ்டாட்டை எல்லாரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். திறந்து சிக்கியது ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் நூலில் தொங்கவிட்டுப் பார்த்தால் அது வேலை செய்கிறதா என்று வீட்டுச் சமையலறையிலேயே தெரிந்துகொள்ளலாம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் சோக் முழுவதும் திரும்பாமல் பாதி மூடியே நிற்பதும் இதே போன்றதொரு மறைவான காரணம்.

உங்கள் மெக்கானிக் 7-ஆம் எண் பிளக்கை எடுத்துவிட்டு ஒரு படி சூடான 6 போடச் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. மெதுவோட்டத்தில் அது கறுக்காமல் இருக்கும் என்பது உண்மையே. நானும் தொழிலுக்கு வந்த புதிதில் அதே நியாயத்தின்படி ஒருவருடைய படகுக்கு ஒரு படி சூடான பிளக் போட்டுக் கொடுத்தேன். இரண்டு மாதம் நன்றாக ஓடிற்று. ஒருநாள் பழவேற்காட்டிலிருந்து வரும்போது வடகிழக்கில் வானம் கறுத்ததைப் பார்த்து அவர் முழுத் திறப்பில் ஒரே மூச்சாக ஓட்டி வந்தார். கரைக்கு வருவதற்குள் மேல் சிலிண்டரின் பிஸ்டன் ஓட்டையாகிவிட்டது. பிரித்துப் பார்த்தபோது அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான கார்புரேட்டர் ஜெட்டிலும் உப்பு அடைத்திருந்தது. குற்றத்தில் பாதி ஜெட்டுக்கு, பாதி என் பிளக்குக்கு என்று இன்றும் நான் பங்கு போட்டுக்கொள்வதுண்டு. ஆனால் கையேடு சொன்ன பிளக் இருந்திருந்தால் எஞ்சின் தாக்குப்பிடித்திருக்கக் கூடும் என்ற எண்ணம் போகவில்லை. அன்றிலிருந்து கையேட்டில் உள்ள எண்ணை நான் மாற்றுவதில்லை. மேலும், எண்ணை வைத்துச் சூட்டைக் கணிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: என்.ஜி.கே. பிளக்கில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி. சாம்பியன், பாஷ் ஆகியவற்றில் எண் ஏற ஏறச் சூடு. ஒரு நிறுவனத்தின் எண்ணைப் பார்த்து இன்னொன்றில் அதே எண்ணையோ அடுத்த எண்ணையோ வாங்குபவர் நேர் எதிரானதை வாங்கி வருவார்.

எமரித் தாளைப் பற்றி: அவசரத்துக்குக் கடலில் ஒருமுறை துடைத்துப் போட்டுக் கரை சேர்வதில் தவறில்லை, அதை வழக்கமாக்குவதில்தான் தவறு. கரி படிவது மின்முனையில் மட்டுமன்று. பீங்கானுக்கும் இரும்பு உடலுக்கும் இடையேயுள்ள ஆழமான இடுக்கிலும் படிகிறது. தாள் அங்கே போகாது. கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்தால் பீங்கானின்மேல் உலோகக் கோடுகள் விழுந்து அவையே மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். மணல் வீசிச் சுத்தம் செய்யும் கருவி சில பட்டறைகளில் உண்டு. அவுட்போர்டுக்கு அது கூடவே கூடாது, இடுக்கில் தங்கும் ஒரு சில மணல் துகள்கள் சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறிவிடும். சாதாரண நிக்கல் பிளக் இரண்டு வாங்க அரைக் கிலோ வஞ்சிரத்தின் விலைகூட ஆகாது. அதற்காக இவ்வளவு பாடு தேவையில்லை. இரிடியம் பிளக்கின் மெல்லிய முனைக்குப் பொறி உண்டாகக் குறைந்த மின்னழுத்தம் போதும், தேய்மானமும் குறைவு என்பவை உண்மை. ஆனால் ஆயில் படலம் மூடிவிட்டால் அதுவும் நின்றுபோகும்; அதன் மெல்லிய முனையை நீங்கள் எமரியால் தொடவும் முடியாது. கறுக்கும் காரணம் தீராதவரை அது வீண் செலவு.

எவ்வளவு காலம் என்ற கேள்விக்கு, 100 மணி நேர ஓட்டம் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது கழற்றிச் சோதிக்கவும் என்பதே பெரும்பாலான அவுட்போர்டு கையேடுகளின் பொதுவான அறிவுரை. வாரம் மூன்று மணி என்றால், மழை மாதங்கள் போக, உங்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் இன்னும் சற்றுக் கண்டிப்பானவன்: டூ ஸ்ட்ரோக்கில் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டையும் மாற்றியே விடுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும். நம் கரையின் உப்புக்காற்றில் பிளக்கின் மேல்பூச்சு உரிந்து துருவேறி, மரையோடு ஒட்டிக்கொள்வதுதான் தேய்மானத்தைவிடப் பெரிய தொல்லை. இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட பிளக்கைக் கழற்றும்போது ஹெட்டின் அலுமினிய மரையும் சேர்ந்து உருவிக்கொண்டு வந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதற்குப்பின் ஹெலிகாயில் (கெட்ட மரைக்குள் புது மரையாகச் செருகும் கம்பிச்சுருள்) போடும் செலவு தனி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரியில் படகை மீண்டும் இறக்குமுன் மாற்றுவது வசதி. மழை மாதங்களில் சும்மா கிடந்த பிளக்கும் அத்தோடு போய்விடும்.

மாற்றும் முறையில் கவனிக்க வேண்டியவை சில. எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினியத்திலிருந்து பிளக்கைத் திருகினால் மரை கெடும். எஞ்சினை உடனே நிறுத்தும் கில் சுவிட்சின் கயிற்றை எடுத்துவிடுங்கள். பிளக் மூடியைக் கம்பியைப் பிடித்து இழுக்காமல், மூடியையே பிடித்துத் திருகி எடுங்கள். மேல், கீழ் என்று அடையாளம் இடுங்கள். இது மிக முக்கியம், ஏன் என்று கீழே சொல்கிறேன். பிளக்கைச் சுற்றியுள்ள உப்பையும் மணலையும் ஊதித் துடைத்த பிறகே ஸ்பேனரைப் போடுங்கள். இறுகியிருந்தால் பலத்தைக் கூட்டாமல், துருநீக்கி எண்ணெய் விட்டுக் காத்திருந்து, கொஞ்சம் தளர்த்தி மறுபடி கொஞ்சம் இறுக்கி என்று முன்னும் பின்னுமாக வாருங்கள். ஸ்பேனர் சாய்ந்தால் பீங்கான் விரிசல் விடும். கீழே விழுந்த பிளக்கையும் நம்பாதீர்கள், விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

புதிய பிளக்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எடுத்துக்காட்டாக பிஆர்7எச்எஸ்-10 என்றால் முதல் எழுத்து 14 மி.மீ. மரையையும், ஆர் உள்ளே மின்தடை இருப்பதையும், 7 வெப்ப எண்ணையும், எச் 12.7 மி.மீ. மரை நீளத்தையும், 10 என்பது 1.0 மி.மீ. இடைவெளியையும் குறிக்கும். எச் இருக்க வேண்டிய இடத்தில் இ இருந்தால் மரை 19 மி.மீ.; அது பிஸ்டனில் இடிக்கக் கூடும். ஆர் இல்லாத பிளக்கும் பொறி கொடுக்கும், ஆனால் உங்கள் வி.எச்.எஃப். வானொலியிலும் மீன் காட்டும் கருவியிலும் இரைச்சல் சேரும். சென்னையில் வாகன உதிரிபாகங்கள் விற்கும் ஜி.பி. ரோட்டில் "இதுவும் அதேதான் சார்" என்று இருசக்கர வண்டியின் பிளக்கை நீட்டுவார்கள். இந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் ஏமாற வேண்டியதில்லை. இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்து, தேவையானால் வெளிமுனையை மட்டும் மெல்ல வளையுங்கள். நடுமுனையின்மேல் நெம்பக் கூடாது. பழைய எஞ்சின்கள் சிலவற்றில் வெளிமுனையே இல்லாத, வட்ட விளிம்புக்குப் பொறி தாவும் பிளக் இருக்கும். அதில் சரிசெய்ய ஒன்றுமில்லை.

மாட்டும்போது பிளக்கின் தலையில் பழைய பெட்ரோல் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி அதைக்கொண்டு திருகுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும், அலுமினியம் தப்பிக்கும். கையால் முழுவதும் இறங்கியபின், வாஷர் புதிதானால் ஸ்பேனரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை. பழைய வாஷரோடு திரும்பப் போட்டால் பன்னிரண்டில் ஒரு சுற்று, அவ்வளவுதான். இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 14 மி.மீ. மரைக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். மரையில் கிரீஸ் தடவலாமா என்பதில் தொழில் செய்பவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பூச்சுள்ள மரைக்கு எதுவும் வேண்டாம், தடவினால் வழுக்கி அளவுக்கு மீறி இறுகிவிடும் என்பது பிளக் செய்யும் என்.ஜி.கே. நிறுவனத்தின் கருத்து. உப்புநீரில் ஓடும் எஞ்சினுக்குச் மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசையைச் சிறிது தடவுவேன் என்பவர்களும் உண்டு. ஆண்டுதோறும் கழற்றுபவருக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். ஆனால் பிளக் மூடியின் உட்புறம் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவுவதில் ஐயமில்லை. ஈர உப்பு பீங்கானின் வெளிப்புறம் படிந்து மின்சாரம் கசிவதை அது தடுக்கும்.

இப்போது மேல், கீழ் என்று குறிக்கச் சொன்னதன் காரணம். இரண்டு பிளக்கும் ஒரே மாதிரிக் கறுத்திருந்தால் குறை இரண்டுக்கும் பொதுவான ஒன்றில் இருக்கிறது: ஆயில் அளவு, மெதுவோட்டம், சோக், தெர்மோஸ்டாட். ஒன்று இளம் பழுப்பாகவும் மற்றது கறுத்து ஈரமாகவும் இருந்தால், அந்தச் சிலிண்டரின் காயிலையோ (பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) பிளக் மூடியையோ சந்தேகிக்க வேண்டும். இரண்டு பிளக்கையும் இடம் மாற்றி ஓட்டிப் பார்த்தால், குறை பிளக்கோடு போகிறதா, சிலிண்டரிலேயே தங்குகிறதா என்று தெரிந்துவிடும். ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல் வெறுமையாகவோ துருப்பொட்டோடோ இருந்தால் ஹெட் கேஸ்கட் வழியாக நீர் புகுகிறது என்று அஞ்ச வேண்டும். வெளிறி, பீங்கானில் கொப்புளமும் மினுமினுக்கும் உலோகப் பொட்டுகளும் தெரிந்தால் எஞ்சினை அதற்குமேல் ஓட்டவே கூடாது. ஆனால் நிறத்தைப் படிப்பதில் ஒரு வரம்பு உண்டு: கரைக்கு மெல்ல உருட்டிக்கொண்டு வந்து கழற்றிய பிளக், கடைசிப் பத்து நிமிட மெதுவோட்டத்தைத்தான் காட்டும்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023-இல் விற்பனைக்கு வந்த 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் கிடைக்கிறது. அவுட்போர்டு கையேடுகள் பல 10 விழுக்காடு வரையே அனுமதிக்கின்றன. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கார்புரேட்டர் எஞ்சினில் கலவை சற்று மெலியும். பிளக் வெளிறுமே தவிரக் கறுக்காது. எனவே உங்கள் கறுப்புக்கு இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். வாரக்கணக்கில் தொட்டியில் கிடந்தால் நீரும் எத்தனாலும் அடியில் தனியே பிரிந்து நிற்கலாம். ஆயிலோ மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட கலவையைப் படகில் ஊற்றாதீர்கள்.

ஆகவே வரும் ஞாயிறு இப்படிச் செய்யுங்கள். அளவுக் குவளையில் அளந்த புதிய கலவை, கையேடு சொல்லும் எண்ணில் இரண்டு புதிய பிளக், படகில் ஸ்பேனரோடு இன்னொரு ஜோடி. தூண்டில் இழுக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை தூண்டில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு மூன்று நிமிடம் முக்கால் வேகத்தில் ஓட்டுங்கள். திரும்புமுன், முகத்துவாரத்துக்கும் கப்பல் போகும் வழிக்கும் விலகிய இடத்தில், கடல் அமைதியாக இருந்தால் மட்டும், இரண்டு நிமிடம் நல்ல வேகத்தில் ஓட்டி, மெதுவோட்டத்துக்கு விடாமல் அப்படியே கில் சுவிட்சை இழுத்து நிறுத்துங்கள். நங்கூரம் போட்டு அரை மணி ஆறவிட்டு இரண்டு பிளக்கையும் கழற்றிப் படம் எடுத்து, எது மேல், எது கீழ் என்று எழுதி இங்கே போடுங்கள். இரண்டும் காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் டம்ளரோ மெதுவோட்டமோதான் குற்றவாளி. இரண்டும் இன்னும் கறுப்பானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவோம். ஒன்று மட்டும் கறுப்பானால் காயிலிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்.